விண்டோஸோடு வரும் நரேட்டர் மட்டும் இனி போதுமா? ஏற்காட்டு வகுப்புக்கு யோசனை தேவை

மஞ்சக்குட்டை_மணி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டில் பார்வையற்றோருக்கு ஒரு சிறிய கணினி வகுப்பு தொடங்க ஏற்பாடு நடக்கிறது. மொத்தம் ஆறு கணினி. நான்கு பழையவை: இன்டெல் ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. இரண்டு புதியவை, விண்டோஸ் 11. வரப்போகிறவர்கள் பத்தாவது, பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவர்கள். கைப்பேசியில் டாக்பேக் (திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஆண்ட்ராய்டு திரைவாசிப்பான்) சரளமாகப் புழங்குகிறார்கள். விசைப்பலகை மட்டும் புதிது. இணையம் என்றால் மொபைல் ஹாட்ஸ்பாட்தான், மழை நாளில் அதையும் நம்ப முடியாது.

எதை அடிப்படையாக வைத்துப் பாடம் நடத்துவது என்பதில் எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. "எல்லாக் கணினியிலும் திரைவாசிப்பான் கூடவே வந்துவிட்டது. விண்டோஸில் நரேட்டர், மேக்கில் வாய்ஸ்ஓவர், லினக்ஸில் ஆர்கா. இன்னும் ஐந்து வருஷத்தில் தனியாக எதையும் நிறுவ வேண்டியிருக்காது, நரேட்டரையே சொல்லிக்கொடுப்போம்" என்று ஒரு பக்கம். "வேலைக்குப் போகிற இடத்தில் தனியாக நிறுவும் திரைவாசிப்பான்களான என்விடிஏவோ ஜாஸோதான் இருக்கும்" என்று மறுபக்கம்.

நரேட்டர் மட்டும் போதும் என்கிற நிலை வருமா? தமிழ்க் குரலை இணையம் இல்லாமல் ஓட்ட என்ன வழி? பழைய நான்கு கணினியை என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் பாடத்திட்டத்தை அதன்படி அமைத்துக்கொள்வோம்.

அஸ்தம்பட்டி_விசை:

மணி சார், ரெண்டையும் சொல்லிக்கொடுங்க, ஆனா சரிபாதியா வேண்டாம். முதல் ரெண்டு வகுப்பு நரேட்டர், அதுக்கப்புறம் முழுக்க என்விடிஏ. ஏன்னு சொல்றேன்.

நரேட்டர் மட்டுமே நுழையக்கூடிய இடங்கள் சிலது இருக்குதுங்க. புதுக் கணினியை முதல்முதலா ஆன் பண்ணினதும் நாடு, விசைப்பலகை எதுன்னு கேட்கிற திரை வரும் பாருங்க, அங்கே கன்ட்ரோல் + விண்டோஸ் + என்டர் அழுத்தினா நரேட்டர் பேச ஆரம்பிச்சிடும். என்விடிஏ அங்கே கூடவே வராது. அதே மாதிரி மீட்புத் திரை. 2017-ல வந்த கிரியேட்டர்ஸ் அப்டேட்டுல இருந்து அங்கேயும் நரேட்டர் உண்டு. ஏற்காட்டுக்கு இது ரொம்ப முக்கியம். மழைக்காலத்துல கரண்ட் போய்ப் போய் வரும்போது கணினி எழுந்துக்கிற நேரத்துலயே அடுத்தடுத்து அறுந்துதுன்னா, விண்டோஸ் தானாவே பழுதுபார்க்கிற திரைக்குப் போயிடும். அந்தத் திரையில பார்வையுள்ள ஆளைக் கூப்பிடாம "தொடரு"ங்கிற பட்டனைக் கண்டுபிடிச்சு என்டர் தட்ட ஒரு மாணவருக்குத் தெரியணும். ஒரு எச்சரிக்கை: அந்த இடத்துல ஒலி டிரைவர் ஏறலைன்னா நரேட்டர் ஓடினாலும் சத்தம் வராது. வாங்கின உடனே ஒவ்வொரு கணினியிலயும் ஒரு தடவை மீட்புத் திரைக்குப் போய்ப் பேசுதான்னு பார்த்துக் குறிச்சு வெச்சுக்கங்க. அதுக்கும் கீழே, விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடியே வர்ற யுஇஎஃப்ஐ அமைப்புத் திரையில எந்தக் குரலும் கிடையாது. அங்கே கைப்பேசிக் கேமராதான் துணை.

இனி அன்றாட வேலை. வெப்எய்ம்ங்கிற இணைய அணுகல் அமைப்பு திரைவாசிப்பான் பயனர்கள்கிட்ட நடத்துற கணக்கெடுப்புல, 2023 டிசம்பர்–2024 ஜனவரியில 1,539 பேர் பதில் சொன்னாங்க. முதன்மையா எதைப் பயன்படுத்துறீங்கன்னதுக்கு ஜாஸ் 40.5%, என்விடிஏ 37.7%, நரேட்டர் 0.7%. ஆனா "வழக்கமா எதெல்லாம் தொடுவீங்க"ன்னதுக்கு நரேட்டர் 37.3%. கையில வெச்சிருக்கிறவங்க நிறைய, அதுலயே நாள் முழுக்க வேலை செய்றவங்க ரொம்பக் கம்மி. விண்டோஸ் 2000-லயே நரேட்டர் வந்துடுச்சு. அப்படியிருந்தும் நிலைமை இதுதான்.

காரணம் குரல் இல்லீங்க, பக்கத்தை எடுக்கிற விதம். என்விடிஏ உலாவிக்கு உள்ளேயே தன் ஒரு துண்டை நுழைச்சு, முழுப் பக்கத்தையும் ஒரே மூச்சுல வாரி எடுத்துத் தன்கிட்ட ஒரு பிரதியா அடுக்கி வெச்சுக்கும். அதனாலதான் ஹெச் தட்டின உடனே அடுத்த தலைப்பு. நரேட்டர் வெளியில நின்னு, திரை விவரத்தைக் கேட்டு வாங்க விண்டோஸ் வெச்சிருக்கிற யுஐ ஆட்டோமேஷன் வழியா ஒவ்வொண்ணாக் கேட்டு வாங்கும். குரோம் அந்த வழியை நேரடியாப் பேச ஆரம்பிச்சதே 2025-ல, 138-ஆவது பதிப்புல. அதுவரைக்கும் நடுவுல ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கு இருந்துச்சு. இப்ப இடைவெளி குறையுது, அது உண்மை. ஆனா நீளமான அட்டவணை, வேர்டுல பின்குறிப்பு, கணக்கு மென்பொருள்னு போனா என்விடிஏ இன்னும் முன்னாடிதான். குறை ஒண்ணு கண்டுபிடிச்சா என்விடிஏவுக்கு அடுத்த பதிப்பு சில மாசத்துல வந்துடும், 2023-ல இருந்து உள்ளேயே துணைநிரல் கடையும் இருக்கு. நரேட்டருக்கு விண்டோஸ் அப்டேட் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

ஒண்ணு கத்துக்கிட்டா இன்னொண்ணு பாதி வந்துடும், அதனால பயம் வேண்டாம். தலைப்புக்கு ஹெச், இணைப்புக்கு கே, அட்டவணைக்கு டி, முதல் நிலைத் தலைப்புக்கு 1, இதெல்லாம் ரெண்டுலயும் ஒண்ணுதான். கேப்ஸ் லாக் + ஸ்பேஸும் பொதுவு: நரேட்டர்ல அது ஸ்கேன் மோடை (இந்த ஒற்றை எழுத்து விசைகளால பக்கத்துல நகர்ற நிலை) ஆன்-ஆஃப் பண்ணும், என்விடிஏல பக்கத்தை வாசிக்கிற நிலைக்கும் படிவத்துல தட்டச்சு பண்ற நிலைக்கும் மாத்தும். என்விடிஏல முதல் தடவை வர்ற வரவேற்புப் பெட்டியில "கேப்ஸ் லாக்கை என்விடிஏ விசையாக்கு"ன்னு இருக்கிறதைக் கண்டிப்பா டிக் பண்ணுங்க. இல்லைன்னா இன்சர்ட் மட்டும்தான் வேலை செய்யும், லேப்டாப்புல அது எங்கேயோ மூலையில இருக்கும். நிஜமாவே பெரிய எழுத்து வேணும்னா கேப்ஸ் லாக்கை வேகமா ரெண்டு தட்டு.

வித்தியாசப்படுற இடம் எஃப்7. என்விடிஏல கேப்ஸ் லாக் + எஃப்7 ஒரே பெட்டியில இணைப்பு, தலைப்பு எல்லாத்தையும் காட்டும். நரேட்டர்ல எஃப்7 இணைப்பு, எஃப்6 தலைப்பு, எஃப்5 பகுதி அடையாளங்கள்னு மூணாப் பிரிச்சிருக்கு.

தமிழ்க் குரல்: விண்டோஸ்ல "வள்ளுவர்"னு ஒரு ஆண் குரல் இருக்கு. செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், ஸ்பீச், ஆட் வாய்சஸ், அதுல தமிழ் (இந்தியா). இறங்கின பிறகு இணையமே தேவையில்லை. ஆறு கணினியையும் மலை ஏத்துறதுக்கு முன்னாடி சேலத்துலயே பிராட்பேண்டுல இதை முடிச்சிடுங்க. மேலே போய் ஹாட்ஸ்பாட்டுல போட்டீங்கன்னா, விண்டோஸ் அந்த இணைப்பை மீட்டர்டுன்னு (டேட்டா அளவுள்ள இணைப்பு) எடுத்துக்கிட்டு மொழித் தொகுப்பை இறக்காமலே நிறுத்தி வெச்சுக்கலாம், என்ன பிரச்சினைன்னே தெரியாது. இறங்கினதும் நரேட்டரை ஒரு தடவை அணைச்சுப் போட்டாத்தான் பட்டியல்ல பேர் வரும். என்விடிஏல கேப்ஸ் லாக் + கன்ட்ரோல் + எஸ், அதுல விண்டோஸோட சொந்தக் குரல்களான ஒன்கோர் குரல்களைத் தேர்ந்தெடுத்து, பிறகு கேப்ஸ் லாக் + கன்ட்ரோல் + வி போய் வள்ளுவரை வைங்க. ஆங்கிலக் குரல் மட்டும் இருக்கிற கணினியில தமிழ்ப் பக்கத்தைத் திறந்தா சத்தமே வராது. பக்கம் காலியா இருக்குன்னு மாணவர் நினைச்சுக்குவார். முதல் நாளே இதைச் சொல்லிடுங்க.

செவ்வாய்ப்பேட்டை_முனையம்:

பழைய நான்கு கணினியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரைதான். ஏழாம் தலைமுறைச் செயலிகளில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவை விண்டோஸ் 11-இன் ஏற்புப் பட்டியலிலேயே இல்லை. ஆகவே அவற்றில் டெபியன் 13 என்ற லினக்ஸ் போடுங்கள் என்பது என் பரிந்துரை. சும்மா சொல்லவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது.

லினக்ஸில் பல ஆண்டுகளாக ஒரு தொல்லை இருந்தது. திரையை வரையும் அமைப்பு எக்ஸ்11-இலிருந்து வேலண்டுக்கு மாறியது. ஒரு நிரல் மற்ற நிரலின் விசையழுத்தங்களைக் கேட்கக் கூடாது என்பது வேலண்டின் பாதுகாப்பு விதி. ஆனால் திரைவாசிப்பானின் பிழைப்பே எல்லா நிரலின் விசைகளையும் கேட்பதுதான். அதனால் ஆர்காவின் பல கட்டளைகள் வேலண்டில் தடுமாறின. கேப்ஸ் லாக்கை ஆர்கா விசையாக வைத்தால் சரியாகவே இயங்காது. 2025 மார்ச்சில் வந்த க்னோம் 48 என்ற லினக்ஸ் மேசைத்தளத்தில் இது தீர்ந்தது. டெபியன் 13-இல் இருப்பது அந்த க்னோம் 48தான். இதற்கு முந்தைய பதிப்பைப் போட்டுவிட்டு "லினக்ஸ் பேசாது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நிறுவும்போதே குரல் உண்டு. பென்டிரைவிலிருந்து தொடங்கி, பீப் ஒலி கேட்டதும் எஸ் தட்டி என்டர் அழுத்தினால் நிறுவி பேசிக்கொண்டே வரும். பார்வையற்ற ஒருவர் யார் துணையுமின்றி முதலிலிருந்து கடைசிவரை நிறுவலாம். நிறுவிய பின் சூப்பர் (விண்டோஸ் விசை) + ஆல்ட் + எஸ் ஆர்காவை எழுப்பும். நுழைவுத் திரையிலும் அதே விசைதான். ஆனால் நுழைவுத் திரையின் அமைப்பு தனி, பயனர் அமைப்பு தனி. ஒன்றில் ஆன் செய்தால் மற்றதில் ஆன் ஆகாது, இரண்டிலும் ஒருமுறை செய்துவிடுங்கள். ஆர்கா விசையோடு ஸ்பேஸ் அழுத்தினால் விருப்பங்கள் திறக்கும். குரல் பகுதியில் இஸ்பீக் என்ஜி என்ற குரல் இயந்திரம், மொழி தமிழ். பேச்சு வராவிட்டால் ஆர்காவைக் குறை சொல்லும் முன் கட்டளை தட்டும் முனையத்தில் எஸ்பிடி-சே (spd-say) கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதுவும் பேசவில்லை என்றால் பழுது ஆர்காவையும் குரலையும் இணைக்கும் ஸ்பீச் டிஸ்பேச்சரிலோ ஒலி அமைப்பிலோ இருக்கிறது, ஆர்காவில் இல்லை.

இஸ்பீக்கின் தமிழ் இயந்திரம் பேசுவது போலத்தான் இருக்கும். முதல் வாரம் முகம் சுளிப்பார்கள். ஆனால் வேகத்தைக் கூட்டக் கூட்டத் தெளிவு கெடாமல் நிற்கிறது, விசையைத் தட்டிய நொடியே பேசுகிறது. மனிதக் குரல் போன்ற புதிய குரல்கள் கட்டுரை வாசிக்க இனிமை. எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்யும்போது அரை நொடி பின்தங்கினாலும் கை நின்றுவிடும். இந்த இரண்டு தேவையையும் ஒரே குரலில் தீர்க்க முயல வேண்டாம்.

எதிர்காலம் என்று கேட்டதால் ஒன்று. ஆர்கா இன்றைக்கு ஒவ்வொரு பட்டனின் பெயரையும் நிரலிடம் கேள்வி கேட்டு, பதில் வரக் காத்திருந்து வாங்குகிறது. பெரிய அட்டவணையில் இந்தப் போக்குவரத்தே தாமதத்துக்குக் காரணம். இதை மாற்றி, நிரலே தன் மொத்த விவரத்தையும் முன்கூட்டித் தள்ளிவிடும்படி நியூட்டன் என்ற திட்டத்தை மேட் கேம்பெல் முன்வைத்தார். 2024-இல் அதன் முன்மாதிரி வந்தது. அவர் முன்பு மைக்ரோசாஃப்டில் நரேட்டர் குழுவில் இருந்தவர். அவர் பங்கெடுத்து உருவாக்கிய ஆக்சஸ்கிட், திரைவாசிப்பானுக்கு விவரம் கொடுக்க நிரலர்கள் சேர்த்துக்கொள்ளும் ஒரு துணைநிரலகம். அது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் பொது. ஒரு நிரலர் ஒருமுறை எழுதினால் மூன்று திரைவாசிப்பானுக்கும் விவரம் போகும். உள்ளமைந்த திரைவாசிப்பான்கள் முன்னேறப் போவது இந்த அடித்தளத்தில்தான்.

நாகலூர்_வளைவு:

விசை சொன்ன வரிசையில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. எந்தத் திரைவாசிப்பான் என்பதே மூன்றாவது வகுப்பில் பேச வேண்டியது. முதலில் "பெயர், வகை, நிலை" என்ற மூன்றையும் மனதில் பதிய வையுங்கள்.

விண்ணப்பப் படிவம் ஒன்றில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். டேப் தட்டி அங்கே போனால், "விதிமுறைகளை ஏற்கிறேன், செக் பாக்ஸ், டிக் செய்யப்படவில்லை" என்று கேட்கும். முதலாவது பெயர், இரண்டாவது வகை, மூன்றாவது நிலை. ஸ்பேஸ் தட்டினால் நிலை மட்டும் மாற வேண்டும். பெயர் வராமல் "செக் பாக்ஸ்" என்று மட்டும் கேட்டால் பக்கத்தைக் கட்டியவர் லேபிள் போடவில்லை. வகையே வராமல் வெறும் எழுத்தாகக் கேட்டால், பெட்டி போலப் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள், டேப் அங்கே நிற்கவே நிற்காது. நிலை மாறியும் சொல்லவில்லை என்றால் ஒரு முறை ஷிஃப்ட் + டேப், மறுபடி டேப் போட்டுத் திரும்பக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். இந்த மூன்று கோளாறும் நரேட்டர், என்விடிஏ, வாய்ஸ்ஓவர், டாக்பேக் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் வரும். டாக்பேக் தெரிந்த பிள்ளைகள் என்பதால் அங்கே கேட்டதையே இங்கே அடையாளம் கண்டுகொள்வார்கள். இதைப் புரிந்துகொண்டவர் பத்து வருஷம் கழித்து எது வந்தாலும் ஒரு நாளில் மாறிக்கொள்வார்.

இனி "போதுமா" என்ற கேள்வி. கூடவே வருவது ஒன்று மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிளைப் பாருங்கள். 2005-இல் டைகர் பதிப்பிலேயே மேக்கில் வாய்ஸ்ஓவரைக் கொடுத்தார்கள், 2009-இல் ஐபோனிலும். தனி விலை இல்லை, கமாண்ட் + எஃப்5 அழுத்தினால் போதும். அது உலகத்துக்கே வழிகாட்டிய செயல், மறுக்கவே முடியாது. ஆனால் மேக்கில் அதற்கு நிகராக இன்னொன்று வளரவில்லை. ஐபோனில் வெளியார் திரைவாசிப்பான் போட வழியே இல்லை. சஃபாரியில் பெரிய பக்கத்தைத் திறந்தால் வாய்ஸ்ஓவர் "பிஸி" என்று சொல்லி நின்றுவிடும் குறை பல வருஷம் நீடித்தது. மாற்று இருந்திருந்தால் அந்த வேளைக்கு அதற்கு மாறியிருக்கலாம். விண்டோஸில் நரேட்டர் வளர்ந்ததற்கே என்விடிஏ இலவசமாகப் பக்கத்தில் நின்றது ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கியது, பிறகு ஜேம்ஸ் தே சேர்ந்தார். இரண்டு பேருமே பார்வையற்றவர்கள். பயன்படுத்துகிறவர் கையிலேயே கருவியின் மூலநிரல் இருப்பது சாதாரண விஷயமில்லை. அதை இழக்கும்படி எந்த வகுப்பும் பாடம் நடத்தக் கூடாது.

படத்தை விவரிக்கும் செயற்கை நுண்ணறிவு பற்றியும் ஒரு வார்த்தை. நரேட்டரில் கேப்ஸ் லாக் + கன்ட்ரோல் + டி படத்துக்கு விளக்கம் சொல்லும். விரிவான விளக்கத்தைக் கணினிக்குள்ளேயே தயாரிக்க கோபைலட் பிளஸ் வகைக் கணினி வேண்டும், அதாவது 16 ஜிபி ரேமும் 40 டாப்ஸ் (நொடிக்கு நாற்பது லட்சம் கோடி கணக்கு) திறனுள்ள தனிச் செயலியும். உங்கள் ஆறில் பழைய நான்கில் இது நிச்சயம் ஓடாது. ஓடும் இடத்திலும் அது ஊகம் என்பதை மறக்காதீர்கள். மலைக் காட்சியைத் தப்பாக விவரித்தால் நஷ்டமில்லை. பெயரில்லாத பட்டனை "ரத்து" என்று ஊகித்து, அது "பணம் அனுப்பு" என்று இருந்தால்? பணம், மருந்து, கையொப்பம் மூன்றிலும் ஊகத்தை நம்பி என்டர் தட்டக் கூடாது என்பதை விதியாகவே வையுங்கள்.

லேபிளைச் சரியாகப் போட வைப்பது சட்டத்தின் வேலை. ஐரோப்பாவில் 2025 ஜூன் 28 முதல் அமலான அணுகல் சட்டம் கணினிகளையும் அவற்றின் இயங்குதளங்களையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. இங்கே 2024 நவம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளில் 15(1)-ஐச் செல்லாது என்று சொல்லி, கட்டாயத் தரங்களை வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30-இல் வந்த இன்னொரு தீர்ப்பு, டிஜிட்டல் அணுகலை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவின் கீழ் வாழும் உரிமையோடு சேர்த்தது. ஒரு இணையதளம் வாசிக்க முடியாதபடி இருந்தால் எந்தப் பக்கம், எந்தப் பட்டன், திரைவாசிப்பான் என்ன சொன்னது என்று மூன்று வரியில் புகார் எழுதும் பயிற்சியையும் பாடத்தில் சேருங்கள்.

கருப்பூர்_எழுத்துரு:

எல்லாரும் ஆங்கிலப் பக்கத்தை மனதில் வைத்தே பேசுகிறீர்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் முதல் வாரத்திலேயே முட்டப்போவது தமிழ்க் கோப்புகளில்.

யுனிகோடில் இல்லாத தமிழை எந்தத் திரைவாசிப்பானும் வாசிக்காது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த "சேலம்" கண்ணுக்குச் சேலம்தான். கோப்புக்குள் இருப்பதோ ஆங்கிலத்தின் பெரிய என், பிறகு ஆர், ஒய், கே, ஒரு செமிகோலன். நரேட்டர் அதைத்தான் வாசிக்கும், எந்தப் புதுப் பதிப்பு வந்தாலும் அதைத்தான் வாசிக்கும். வானவில் எழுத்துருவிலும் இதே கதை. தமிழக அரசு 2010 ஜூனிலேயே யுனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டையும் தரமாக அறிவித்துவிட்டது. இருந்தும் பழைய கோப்புகள் புழக்கத்தில் நிற்கின்றன.

பிடிஎஃப் வந்தால் மாணவர் தானே செய்யக்கூடிய சோதனை: கன்ட்ரோல் + ஏ, கன்ட்ரோல் + சி, நோட்பேடில் கன்ட்ரோல் + வி, பிறகு அம்புக்குறியால் எழுத்தெழுத்தாகக் கேட்பது. ஆங்கில எழுத்தும் செமிகோலனும் கேட்டால் பழைய எழுத்துரு. என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் பாமினியா வானவில்லா என்று சரியாகத் தேர்ந்தெடுத்து மாற்றினால் நல்ல தமிழ் வரும். எதுவுமே ஒட்டவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். தமிழ் எழுத்து வந்தும் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் தனியாகக் கேட்டால், அதாவது "சே" என்பதில் கொம்பு முந்திக்கொண்டு ச பின்னால் வந்தால், பிடிஎஃப் உருவாக்கும்போது எழுத்து வரிசை கலைந்திருக்கிறது. இதை மாற்றியில் போட்டுச் சரிசெய்ய முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம், படம் என்றே வைத்துக்கொண்டு ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தை அடையாளம் கண்டு உரையாக்குவது) செய்வது மேல்.

ஓசிஆரில்தான் உள்ளமைந்த வசதிகள் தமிழரைக் கைவிடுகின்றன. என்விடிஏவில் கேப்ஸ் லாக் + ஆர் அழுத்தினால் விண்டோஸின் ஓசிஆர் ஓடும், ஆனால் அந்த ஓசிஆரின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. ஆங்கிலமாக நினைத்து ஏதோ உளறும். டெசராக்ட் என்ற ஓசிஆர் நிரல் இலவசம், இணையம் வேண்டாம், தமிழ்த் தரவுக் கோப்பும் உண்டு. 300 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்து, தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழியையும் சேர்த்தே கொடுங்கள். தமிழ் மட்டும் கொடுத்தால் நம் சுற்றறிக்கைகளில் நடுநடுவே வரும் ஆங்கிலச் சொற்கள் சிதைந்துவிடும்.

குரலுக்கும் இதே நிலைமை. சென்னை ஐஐடியில் தமிழ்ப் பேச்சுத் தொகுப்பில் பல வருஷ உழைப்பு இருக்கிறது. அப்படிப்பட்ட குரல் எதையும் சாபி 5 (விண்டோஸ் நிரல்களுக்குப் பொதுவான குரல் இடைமுகம்) இயந்திரமாகப் பொதிந்து கொடுத்தால் நரேட்டர், என்விடிஏ, ஜாஸ் மூன்றும் எடுத்துக்கொள்ளும். ஆய்வுக்கூடத்துக்கும் இன்ஸ்டாலர் கோப்புக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு படியை யாராவது பொறுப்பேற்றுக் கடக்க வேண்டும். நரேட்டர் போதுமா என்ற கேள்விக்கு என் பதில் அங்கே இருக்கிறது: தமிழ் ஓசிஆரும், வேகத்திலும் தெளிவு குறையாத தமிழ்க் குரலும் கூடவே வரும் நாளில் கேளுங்கள்.

பிரெய்ல் கற்றவர் யாராவது இருந்தால் விட்டுவிடாதீர்கள். ழ, ல, ள மூன்றையும் இயந்திரக் குரல் பிரித்துச் சொல்வதை நம்பி எழுத்துப்பிழை திருத்த முடியாது. விரலுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. எழுத்தைப் பிரெய்லாக மாற்றும் லிப்லூயி நிரலின் தமிழ் அட்டவணை என்விடிஏவுக்குள்ளேயே இருக்கிறது, பிரெய்ல் காட்சிக் கருவி கிடைத்தால் தனியாக எதையும் தேட வேண்டியதில்லை.

மஞ்சக்குட்டை_மணி:

எல்லாருக்கும் நன்றி. பழைய நான்கில் இரண்டை டெபியனாக மாற்றிப் பார்க்கிறோம். எழுத்துருச் சோதனை தனிப் பாடமாகவே வரும்.

விசை அண்ணா, இரண்டையும் ஒரே கணினியில் வைத்தால் நரேட்டரும் என்விடிஏவும் சேர்ந்து பேசாதா? கடவுச்சொல் கேட்கும் திரையில் எது பேச வேண்டும்? திடீரென்று பேச்சே நின்றுபோனால் மாணவர் எதிலிருந்து சரிபார்க்கத் தொடங்குவது?

அஸ்தம்பட்டி_விசை:

சேர்ந்து பேசும்ங்க, அதோட கேப்ஸ் லாக்கை யார் எடுத்துக்கிறதுன்னு ரெண்டும் மோதிக்கும். நரேட்டர் செட்டிங்ஸ்ல "சைன் இன்னுக்கு முன்", "சைன் இன்னுக்குப் பின்" தானாத் தொடங்குறது ரெண்டையும் அணைச்சிடுங்க. விசைக் குறுக்குவழியை மட்டும் ஆன்லயே விடுங்க. அப்பத்தான் அவசரத்துக்கு கன்ட்ரோல் + விண்டோஸ் + என்டர் கை கொடுக்கும். அதே விசையைத் திரும்ப அழுத்தினா அணைஞ்சிடும்.

கடவுச்சொல் திரையில என்விடிஏவே பேசட்டும். அதோட செட்டிங்ஸ்ல ஜெனரல் பகுதியில சைன் இன் போது என்விடிஏவைப் பயன்படுத்துற தேர்வை டிக் பண்ணுங்க, நிர்வாகி அனுமதி கேட்கும். அதுக்கும் கீழே, இப்ப சேமிச்சிருக்கிற அமைப்புகளையே சைன் இன் திரையிலயும் பாதுகாப்புத் திரையிலயும் பயன்படுத்துன்னு ஒரு பட்டன் இருக்கு. அதை அழுத்த மறந்துட்டா உள்ளே வள்ளுவர் பேசுவார், கடவுச்சொல் திரையில வேற குரல் வேற வேகத்துல பேசும், மாணவர் குழம்பிடுவார். முதல்ல கேப்ஸ் லாக் + கன்ட்ரோல் + சி போட்டு அமைப்பைச் சேமிச்சுட்டு, அப்புறமா அந்தப் பட்டன். பென்டிரைவ்ல கொண்டுபோற போர்ட்டபிள் என்விடிஏ இந்தத் திரைகள்லயும், "மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா"ன்னு கேட்கிற பெட்டியிலயும் பேசாது. நிறுவினது மட்டும்தான் பேசும். போர்ட்டபிள் வெச்சிருக்கிறவர் அந்தப் பெட்டி வந்தா நரேட்டரை எழுப்பிக்கணும்.

பேச்சு நின்னா பதறி பவர் பட்டனை அழுத்த வேண்டாம்னு சொல்லுங்க. பெரும்பாலும் காரணம் தெரியாம கேப்ஸ் லாக் + எஸ் பட்டிருக்கும், அது பேச்சு நிலையை ஒவ்வொண்ணா மாத்துற விசை. பேச்சு வர்ற வரைக்கும் நிறுத்தி நிறுத்தி அதையே அழுத்திப் பார்க்கணும். ஒரு நிரல்ல மட்டும் பேசலை, வேற இடத்துல பேசுதுன்னா உறக்க நிலை: டெஸ்க்டாப் அமைப்புல கேப்ஸ் லாக் + ஷிஃப்ட் + எஸ், லேப்டாப் அமைப்புல கேப்ஸ் லாக் + ஷிஃப்ட் + இசட். குரலையே தப்பா மாத்திட்டாங்கன்னா கேப்ஸ் லாக் + கன்ட்ரோல் + ஆர் ஒரு தடவை, கடைசியாச் சேமிச்ச நிலைக்குப் போயிடும். வேகமா மூணு தடவை தட்டினா தொழிற்சாலை நிலைக்கே போயிடும், கேப்ஸ் லாக் தேர்வும் சேர்ந்து போயிடும். அப்ப இன்சர்ட்டைத் தேடணும். இது எதுவும் பலிக்கலைன்னா கன்ட்ரோல் + ஆல்ட் + என், என்விடிஏ புதுசாத் தொடங்கும். அதுவும் பேசலைன்னா நரேட்டரை எழுப்புங்க. நரேட்டரும் ஊமையா இருந்தா திரைவாசிப்பானை விட்டுட்டு ஹெட்போன் வயரைப் பாருங்க.

இந்த வரிசையை அப்படியே பிரெய்ல்ல ஒரு பக்கம் அடிச்சு ஒவ்வொரு மேசையிலயும் ஒட்டி வைங்க. பேச்சு நின்னுபோன கணினிகிட்ட உதவிப் பக்கத்தைத் தேட முடியாது பாருங்க.